மேல் ஊர், கீழ் ஊர், ரேணுகா அக்கா

ரேணுகா அக்கா போய்விட்டார். இன்று காலை, சின்னசேலத்தில், அவர் வீட்டிலேயே... மாரடைப்பு.

அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது. காரணம், நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த நிறுவனம் போட்டிருக்கும் இரங்கல் போஸ்ட்.

கல்வராயன் மலை ஆய்வு அவருடைய சாதனையாம். வாயில் நல்லா வருது எனக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா மருத்துவ ஆராய்ச்சியில் புள்ளியியல் பார்ப்பவர். நான் அதே ஆய்வில் ரத்தம் எடுத்த லேப் டெக்னீஷியன்.

கரியாலூருக்கு அந்தப் பக்கம் இரண்டு கிராமங்கள். மேல் ஊர்ப் பெண்களுக்குத் தினமும் சத்து உருண்டை, கீழ் ஊருக்குக் கிடையாது. சில மாதம் கழித்து இரண்டு ஊரிலும் ரத்தம் எடுத்து, உருண்டை தின்றவர்களுக்கு மட்டும் ரத்தம் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். இதுதான் டிசைன்.

டிசைன் போடும்போது அக்காவை ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து டேட்டா வந்த பிறகுதான் கூப்பிட்டார்கள்.

"பந்தி முடிஞ்சி இலை எடுக்குறப்ப கூப்ட்டு, உப்பு சரியா பாருன்னா நான் இன்னாடா பண்றது?" என்று என்னிடம் கத்தினார். என்னமோ நான்தான் டைரக்டர் மாதிரி.

இரண்டு ஊரிலும் ரத்தம் ஒரே அளவு ஏறியிருந்தது. வித்தியாசம் இல்லை, அதனால் உருண்டையால் பயனில்லை என்று எழுதச் சொன்னார்கள்.

அக்கா எழுதவில்லை. "உருண்டையே திங்காத ஊர்ல எப்படி ஏறுச்சி?" என்றார். மலைக்கே போய்க் கேட்கிறேன் என்றதற்கு ஜீப் தர மாட்டோம் என்றார்கள். என்னை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் மலை ஏறினார். வழி முழுக்கத் திட்டு, எனக்கும் சேர்த்து.

மேல் ஊரில் காளியம்மா என்ற ஒரு அம்மா எதையும் ஒளிக்கவில்லை. "எம் மவள கீழூர்லதான் குடுத்துக்கீறேன். மாசமா வேற இருந்துச்சி. வூட்டுக்கு இன்னா வந்தாலும் அதுக்கு ஒரு பங்கு போவும். உருண்டை மட்டும் போவாதா?"

எல்லா வீட்டிலும் இதே பதில். மேல் ஊர் பெண் கொடுப்பதும் கீழ் ஊரில், எடுப்பதும் கீழ் ஊரில். இரண்டு ஊரும் பங்கு போட்டுத் தின்றிருக்கிறது... வித்தியாசம் எங்கிருந்து வரும்?

மீட்டிங்கில் டைரக்டர் சொன்னது: "மலைக்காரங்க ஒத்துழைக்கல."

அக்கா எழுந்துவிட்டார். "புள்ளத்தாச்சி மவளுக்குக் குடுக்காம தானே தின்ற அம்மா எந்த ஊர்ல சார் இருக்குறா? அவங்க மேல தப்பே இல்ல. பொண்ணு குடுத்து எடுக்குற ஊர நாமதான் ரெண்டா பிரிச்சிட்டோம். சம்பந்தம் இல்லாத ஊருங்களா பாத்து மறுபடியும் பண்ணுங்க சார்."

பண்ணவில்லை. பயனில்லை என்றே ரிப்போர்ட் போனது. மலையில் உருண்டை நின்றது. என் பேரைப் போடாதீங்க என்று அக்கா தலைபாடாய் அடித்துக்கொண்டார். போட்டார்கள்.

இன்று அதையே காட்டிச் சாதனை என்கிறீர்களே... மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா? அந்தப் போஸ்ட்டை எடுங்கள். இல்லையென்றால், ரேணுகா இந்த முடிவை ஏற்கவில்லை என்று அதிலேயே எழுதுங்கள். என்னை பிளாக் செய்தாலும் செய்துகொள்ளுங்கள்.

கொஞ்ச நேரம் முன்பு காளியம்மாவுக்கு போன் செய்து சொன்னேன்.

"எப்ப எடுக்குறாங்க?" என்றார். நாளைக்குக் காலையில் என்றேன்.

"வண்டி பேசிக்கிறோம்பா. மேலூரு, கீழூரு எல்லாம் ஒரே வண்டியில வந்துர்றோம்."

வண்டி வரட்டும் அக்கா... பார்த்துவிட்டுப் போங்கள்.