ஏர்கான் வாடை

என் பிக்கப்பில் ஏர்கானைப் போட்டால் ஈரச் சாக்கை மூக்கில் வைத்து அழுத்தியதுபோல ஒரு வாடை வரும். எனக்கு அது பழகிப்போயிருந்தது. சிம்பாங் ரெங்கம் சுற்றுவட்டாரத்துச் சின்னத் தோட்டங்களுக்கு உரம் ஏற்றிப் போகிற வண்டி. கோழி எருவும் யூரியாவும் வருஷக்கணக்காக ஏறி இறங்கிய வண்டியில் சந்தன வாசனையா வரும்? ஆனால் அதே வண்டியில்தான் என் மனைவியை ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. எங்களிடம் வேறு வண்டி கிடையாது.

அவளுக்குப் புற்றுநோய். முதல் சுற்று மருந்தோடு விட்டது என்று நிம்மதியாக இருந்தோம். விடவில்லை, திரும்பி வந்தது. இரண்டாவது சுற்றுக்காகக் கிளம்பிப் போகையில், சிடெனாக் தாண்டியதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நெடுஞ்சாலை ஓரம் கட்டுவதற்குள் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

"வண்டியத் திருப்புங்க. இந்த வாடையில என்னால உக்கார முடியல" என்றாள்.

கூலாயில் இறங்கித் திரும்பி வந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து வேறு தேதி கொடுத்தார்கள். இதையும் தவறவிட்டால் மருந்தைத் தொடர்வது கஷ்டம் என்று போனில் பேசிய நர்ஸ் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார். நான் மனைவியிடம் சொன்னேன். "வாடை போகட்டும், வரேன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு அந்த வாடைதான் எதிரி. நோயை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டாக்டர் காட்டுகிற படத்தைப் பார்த்துத் தலையாட்டத்தான் முடிந்தது. வாடை அப்படியில்லை, அதற்கு ஒரு இடம் இருக்கும், அந்த இடத்தில் ஒரு சாமான் இருக்கும், அதைக் கழற்றி எறியலாம். வண்டியைக் கழுவி, காலடிப் பாயை உரித்துக் காயப்போட்டு, காப்பித்தூளைத் துணியில் கட்டிச் சீட்டுக்கு அடியில் வைத்தேன். காப்பியும் எருவும் கலந்து இன்னும் மோசமானது.

பட்டணத்து வொர்க்‌ஷாப் மெக்கானிக் குனிந்து ஒருமுறை மோந்து பார்த்தான். "கேபின் பில்டர்ண்ணே. உள்ள வர்ற காத்த வடிகட்டுற தட்டு. பூஞ்சை புடிச்சிருக்கும்."

"மாத்திக் குடு."

"இந்த மாடல் சூசா லா, ரொம்பக் கஷ்டம். கை நுழையாது, பாதி டேஷ்போர்டு கழட்டணும். அடுத்த வாரம் விட்டுட்டுப் போங்க."

மறுநாள்தான் ஆஸ்பத்திரித் தேதி. புது பில்டரை வாங்கிக்கொண்டு நானே செய்வதென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போர்ச்சில் வண்டியை நிறுத்தி, இடதுபக்கக் கதவைத் திறந்து, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டேன். வெள்ளைக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே சட்டென்று முடித்துவிட்டான். அவன் ஊரில் ஸ்டியரிங் இடதுபக்கம். அவன் இடது என்பதெல்லாம் எனக்கு வலது. அவன் விரல்கள் வெண்டைக்காய்போல ஒல்லி. என் விரல்கள் உர மூட்டை தூக்கித் தூக்கி வாழைப்பூ கனத்துக்கு வந்தவை.

மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் பருத்தித் துணியைச் சுற்றியிருந்தாள். "விடுங்க, முதுகு புடிச்சிக்கும்" என்றாள். சற்று நேரம் கழித்து, "அந்தப் பெட்டியக் கழட்டாதீங்கங்க, உடைஞ்சிரும்" என்றாள். அவள் சொன்ன பெட்டி, முன்சீட்டில் உட்காருகிறவரின் முழங்காலுக்கு எதிரே, சாமான் வைத்து மூடுவதற்காக இருப்பது. பில்டர் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. கழற்றாமல் எப்படி? என் முதுகை நினைத்துப் பதறுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நான் ஸ்குரூவில் கை வைத்ததும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கால்களை வெளியே நீட்டி, முதுகைக் கதவுப்படியில் கிடத்தி, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தேன். பெட்டி இறங்க மறுத்தது. இறங்கிய பிறகு குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. பட்டைக்குப் பின்னால் கை தடிமனுக்கு ஒரு ஒயர்க் கட்டு. அதற்கும் பின்னால் பில்டரின் மூடி. இதை இங்கே கொண்டுபோய் வைத்தவன் வாழ்நாளில் ஒருநாளாவது இதைக் கழற்றிப் பார்த்திருப்பானா? அவனையும் அவன் பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கையை விட்டேன். முழங்கையில் தோல் உரிந்தது.

விரலில் மெத்தென்று ஏதோ பட்டது. எலிக்கூடு என்று நினைத்தேன். செம்பனைக் காட்டுப் பக்கம் எலி ஏறாத வண்டி ஏது. இழுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

முடி. விரலில் சுற்றிச் சுற்றி, நுனியை உள்ளே செருகிய முடி உருண்டை.

எலி அப்படிச் சுற்றாது. யார் சுற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். தலை வாரியதும் சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி, தூ என்று லேசாகத் துப்பி, எங்காவது ஒரு இடுக்கில் செருகிவிடுவது அவள் பழக்கம். முடி பறந்தால் வீட்டுக்கு ஆகாது என்பாள். எங்கள் குளியலறை ஜன்னல் இடுக்கிலும் அப்படி இருக்கும். நான் கேலி செய்வேன்.

மறுபடி கையை விட்டேன். இன்னொன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. அடியில் கிடந்தவை தடியாக, மருதாணிச் சாயம் ஏறிய செம்மையோடு இருந்தன. மேலே வர வர மெலிந்துகொண்டே போயின. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது ஒரு சிட்டிகை. அதையும் விடாமல் சுற்றி, நுனியைச் செருகியிருந்தாள்.

முதல் சுற்றின்போது, நான் ஆஸ்பத்திரிக்குள் போய் நம்பர் எடுத்து வரும்வரை அவளை வண்டியிலேயே ஏர்கான் போட்டு உட்கார வைப்பேன். கூட்டத்தில் உட்கார்ந்தால் தொற்று வரும் என்று பயம். திரும்பி வந்து கதவைத் தட்டினால் சிரித்துக்கொண்டு இறங்குவாள். முடி கொட்டுகிறது என்று எனக்குத் தெரியும்தான். ஆனால் என் எதிரே ஒருநாளும் அவள் தலையில் கை வைத்ததில்லை. ஒருநாள் கடையில் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, "வெயிலுக்கு நல்லாருக்கு" என்றாள். நானும் நம்பினேன். இத்தனையும் அந்த வண்டியில், நான் இல்லாத நேரத்தில், பெட்டியின் ஓர இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறது. உள்காற்றை இழுக்கும் வாய் அங்கேதான் இருக்கிறது. பாதி உருண்டைகளை அது இழுத்துப் பில்டர்மேல் அப்பிவைத்திருந்தது.

தலையை வெளியே எடுக்கத் தோன்றவில்லை. அங்கேயே கிடந்து அழுதேன்.

பிறகு பழைய பில்டரை உருவினேன். கறுத்து, நனைந்து, பூஞ்சை பூத்திருந்தது. புதியதை வளைத்து இரும்புப் பட்டையைத் தாண்டி உள்ளே தள்ளினேன், அம்புக்குறி கீழே பார்க்கும்படி. பெட்டியை மாட்டினேன். உருண்டைகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஒரு பையில் கட்டி, என் சீட்டுக்குப் பின்னால் ஜாக்கி வைக்கும் இடத்தில் வைத்தேன். அவளிடம் எதையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் வந்து ஏறினாள். ஏர்கானைப் போட்டேன். குளிர்ந்த, வாடையே இல்லாத காற்று. கண்ணை மூடி நன்றாக இழுத்து மூச்சுவிட்டாள்.

"சுத்தமா போயிருச்சுங்க" என்றாள்.

எனக்கு அற்பப் பெருமை. "பாத்தியா? இனி ஜேபி ஆஸ்பத்திரி வரைக்கும் தூங்கிட்டே வரலாம்."

டோல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவள் கை பெட்டியின் ஓரத்தைத் தடவியது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினேன். லாரிகள் போகிறபோதெல்லாம் வண்டி ஆடியது. அவள் என்னைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வாடை அடிச்சது நெசந்தாங்க. ஆனா அது இருந்த வரைக்கும் உங்ககிட்ட வேற எதுவும் சொல்லத் தேவையில்லாம இருந்துச்சு. இப்ப அதையும் எடுத்துட்டீங்க. எனக்கு மறுபடியும் அந்த மருந்து வேணாம். என்னால முடியல. அங்க இனி வரல."

கெஞ்சினேன். கத்தினேன். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகளை வரச் சொல்கிறேன் என்றேன். நான் ஓய்ந்த பிறகு, "கொஞ்ச நேரம் இப்படியே ஏர்கான் போட்டு உக்காந்திருக்கலாம். நல்லாருக்கு" என்றாள். உட்கார்ந்திருந்தோம். பிறகு டோலுக்குப் போகாமல் வண்டியைத் திருப்பினேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அந்த வண்டியைத்தான் இன்னும் ஓட்டுகிறேன். பின்னால் எரு, யூரியா, எல்லாம் முன்புபோலத்தான். உள்ளே மட்டும் காற்று சுத்தமாக வருகிறது. அந்த பில்டரில் நான் கை வைக்காமல் இருந்திருந்தால், இன்னும் சில வாரமாவது வாடையால்தான் வர மறுக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.