ஐந்தில் ஒரு பங்கு

கைபேசியும் கணினியும் சூடேறாமல் காக்கும் படலத்தைச் செய்து பார்க்கும் ஆய்வுக்கூடம் அது. அளவெடுப்பவர்களாக இவளும், 'நிதானம்' என்று பட்டப்பெயர் வாங்கிய தோழியும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். இவள் இரண்டு அளவு எடுக்கும் நேரத்தில் தோழி ஒன்று எடுத்தால் அதிகம்.

"நீ முடிக்கிறதுக்குள்ள படலமே ஆறிப்போயிடும்டி" என்று இவள் வாருவாள்.

"ஆறட்டும். அதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க" என்பாள் தோழி.

படலம் என்பது பென்சில் கரியின் ஒற்றை அடுக்கு. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் சூட்டைக் கடத்துவதில் செம்பைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இவள் அதை ஒரு நுண்துளைமேல் தொங்கலாக விரித்து, லேசரால் சூடாக்கி அளந்தாள். தோழி அதையே சிப்பின்மேல் ஒட்டி அளந்தாள். தோழிக்கு வந்த எண், இவளுடையதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

அடுத்த வாரம் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்களிடம் ஒரே எண்ணைத்தான் காட்ட முடியும். இயக்குநர் இவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டுல எதும்மா தப்பு?"

தெரியவில்லை, இன்னொரு தடவை அளக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். பெரிய எண் தன்னுடையது என்ற மிதப்பு விடவில்லை. காய்ச்சலில் படுத்து எழுந்த தோழி, டம்ளர் பிடித்தால் கை ஆடுகிறது, வெளியே சொல்லாதே என்று கூடத்தில் இவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"அவளுக்குக் கை கொஞ்சம் நடுங்குது சார்" என்றாள் இவள்.

மறுநாளே தோழியை ஸ்டோருக்கு மாற்றினார்கள். குப்பிகளை அடுக்கும் வேலை. நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இவளுடைய எண்ணே கம்பெனிக்குப் போனது; இவளுக்குப் பதவி உயர்வும் வந்தது.

இரண்டு வருடம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே படலம் ஒட்டிய சர்க்யூட் போர்டுகள், ஓரமெல்லாம் கருகி. இவள் தோழியின் பழைய நோட்டைத் தேடி எடுத்து, அதில் இருந்தபடியே மூன்று நாள் அளந்தாள். அச்சு அசல் அதே எண். கரியில் சூடு ஓடுவது அணுக்களின் அதிர்வாக. அடியில் எதன்மேலாவது ஒட்டினால் அந்த அதிர்வு அமுங்கிவிடுகிறது. இரண்டு எண்ணும் சரிதான். ஆனால் எந்தப் போனுக்குள்ளும் படலம் அந்தரத்தில் தொங்கப்போவதில்லை.

இயக்குநரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு, தோழியைத் தேடிப் போனாள். தராசு பழுதுபார்க்கும் கடையில், கடுகளவு எடைக்கல்லொன்றை இடுக்கியால் தூக்கித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள் தோழி. கை இம்மியும் அசையவில்லை.

"உன் எண் சரிதான்டி."

"தெரியும்."

"அப்பவே சண்டை போட்டிருக்கலாம்ல?"

"யாரோட போடுறது? கை நடுங்குதுன்னு என்னைப் போட்டுக்கொடுத்தது யாருன்னே புரியலை. டாக்டரைச் சந்தேகப்பட்டேன். எங்க வீட்டுக்காரரைக்கூட விடலை. உன்னை மட்டும் நினைக்கவே தோணலை. இப்ப நீ வந்து நிக்கிற நிலையைப் பார்த்தாத்தான் புரியுது."

"சார்கிட்ட சொல்லிட்டேன். திரும்ப வந்துடேன்" என்றாள் இவள்.

"வேணாம். கடை சாத்துற நேரமாச்சு, நீ கிளம்பு."

திருத்திய அறிக்கையில் தோழியின் பெயரை முதலில் போட்டு, ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். தோழி கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. மறுபடி அந்தக் கடைப் பக்கம் போக இவளுக்கு முகமில்லை.