கோதை எங்கே என்று கேட்டவர்களுக்கு

கோதையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள், மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். யாருக்கும் இரங்கல் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் அறிந்த பலர், அவள் எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாராவது சொல்லியாக வேண்டும்.

செய்தி எனக்கு வேலைக்கான அழைப்பாகத்தான் வந்தது. கே.கே. நகரில், நான் தங்கியிருக்கும் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் அதிகாரி ஃபோனில் பேசினார்.

"செல்வி, இன்னைக்கு மத்தியான ஷிப்டுக்கு வர முடியுமாம்மா?"

"அது கோதை ஷிப்டாச்சே சார். லீவா?"

"காலையில மயங்கி விழுந்துட்டாங்களாம்மா. மூளையில ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்றார்.

வருகிறேன் என்று சொன்னேன். வானத்தில் வந்துகொண்டிருப்பவர்களை யாராவது இறக்கியாக வேண்டுமே.

திருச்சி விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். மைக்கில் அவள் தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டாள். வேலை முடிந்து இறங்கும்போது அவள் வாயை மூட முடியாது. "மைக்குல சிக்கனம், மாடிப்படியில தாராளம்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். நான் மெல்லப் பேசுவதைக் கேட்டு, "உன் குரலைக் கேட்டா ப்ளேனே கூச்சப்பட்டுக்கிட்டு இறங்கும்டி" என்பாள்.

ஒரு மாலை, முக்கொம்புப் பக்கமிருந்து பயிற்சி விமானம் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அதே பக்கத்தில் ஒரு பயணிகள் விமானம் மூவாயிரம் அடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பயிற்சி விமானத்தை இரண்டாயிரத்திலேயே இருக்கச் சொன்னாள் கோதை. "ரோஜர்" என்று மட்டும் பதில் வந்தது. காதில் விழுந்தது என்று அதற்கு அர்த்தம். என்ன விழுந்தது என்பது அதில் இல்லை. சொன்ன உயரத்தை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். கோதை மறுபடி கேட்டாள். "மூவாயிரம்" என்றார் பயிற்சி விமானி. அதே நிதானத்தோடு திருத்தினாள். அவர் சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்தவரிடம் பேசினாள்.

இருக்கையை விட்டு எழுந்தபோது அவளால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியவில்லை. நான் திறந்து கொடுத்தேன். "சரின்னா என்னடி சரி? அவர் காதுல என்ன விழுந்துதுன்னு அவர் வாயால வரணும்" என்றாள்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் அவள் வேறு மாதிரி. ஒரு சனிக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வழியில் அவள் அம்மா ஃபோன் செய்து, பெருமாளுக்குத் துளசி வாங்கி வரச் சொன்னார். "சரிம்மா" என்றவள் புதினாக் கட்டோடு போய் நின்றாள்.

"ஆகாசத்துல போறவாளையெல்லாம் திருப்பிச் சொல்லச் சொல்றே. ஆத்துல நான் சொன்னா மட்டும் வெறும் சரியா?" என்றார் அம்மா.

"நீ ப்ளேன் ஓட்டு, உன்னையும் ஒழுங்கா கேக்கறேன்" என்றாள் இவள்.

அன்று புதினாத் துவையல் அரைத்தார்கள். துளசி வாங்க நான்தான் மறுபடி கடைக்குப் போனேன்.

அவள் இறந்த வாரத்தில், அடிக்கடி இங்கே வரும் விமானி ஒருவர், இறங்க அனுமதி வாங்கிய கையோடு, "மேடம் இன்னைக்கு இல்லையா?" என்று அலைவரிசையிலேயே கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அப்போது வேறு இரண்டு விமானங்களும் அதே அலைவரிசையில் இருந்தன. "ஸ்டாண்ட்பை" என்றேன். காத்திருங்கள் என்பதற்கு எங்கள் சொல் அது. பிறகு இன்னும் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கும் அதையேதான் சொன்னேன். அவர்கள் எல்லாரும் இன்னும் காத்திருக்கிறார்கள்.

அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. அனுபவம் மிகுந்த விமானிகளிடம் இன்னொரு முறை கேட்க முன்பெல்லாம் எனக்கு நாக்கு எழாது. இப்போது, பதிலில் சிறு சந்தேகம் இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

கடைசியாக, இவ்வளவு நேரம் தயங்கிய ஒன்றைக் கேட்கிறேன். விமானிகளே, கோதை இறந்துவிட்டாள். தயவுசெய்து இனி அவளைப் பற்றி அலைவரிசையில் கேட்காதீர்கள். அங்கே ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. நான் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் அந்த நேரத்தில், மேலே யாரோ இரண்டு பேருக்கு நடுவே தூரம் குறைந்துகொண்டிருக்கும். தரையிறங்கி, இன்ஜினை நிறுத்திய பிறகு ஃபோன் செய்யுங்கள். அப்போது நான் வேலையில் இருந்தால், முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவளைப் பற்றிப் பேசலாம்.