மூன்றாவது கோப்பைத் தேத்தண்ணி

என் பெரிய மாமா வாதத்தில் தோற்றதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். தோற்கடித்தவர் என் அம்மா. நெடுங்காலம் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய மாமா அம்மாவின் மூத்த அண்ணன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. உயிரைக் கொடுத்துச் செய்த வேலை வேறு. சைவத்தைக் குறை சொல்லி யாராவது நாலு வரி அச்சடித்துவிட்டால் போதும், மாமா ஒரு புத்தகம் அளவுக்கு மறுப்பு எழுதிவிடுவார். கோயில் திருவிழாவில் அவர் பேச ஏறினால் பக்கத்து ஊர் வேதக்காரர்கள்கூட மதிலுக்கு வெளியே நின்று கேட்பார்களாம். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. தங்களைத் தாக்கிப் பேசுவதைக் கேட்கவே நடந்து வருகிறார்கள் என்றால் பேச்சு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று அம்மா பெருமைப்பட்டுக்கொள்வார்.

அந்த மாமா எண்பதுகளின் நடுவில் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். அப்போது நாங்கள் லா ஷப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்குக் கோடியில், ஒரு தமிழ்க் கடைக்கு மேலே நாலாம் மாடியில் இருந்தோம். ஓர் அறை, ஓர் அடுக்களை, இரண்டுக்கும் நடுவில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சீலை. அப்பா உணவகத்தில் வேலை செய்தார். ஆட்கள் விடுமுறையில் சாப்பிட வருவார்கள் என்பதால் அவருக்கு விடுமுறை கிடையாது.

மாமா ஊரை விட்டு வந்ததற்குக் காரணம் அவருடைய மகன். எனக்கு மச்சான் முறை. நான் சின்னப் பிள்ளையாக ஊரில் இருந்தபோது சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு ஒழுங்கை முழுக்கச் சுற்றிவருவார். ஒரு நாள் ரியூஷன் வகுப்புக்குப் போன வழியில் ஆமிக்காரர் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். சைக்கிளை யாரோ கொண்டுவந்து வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள். மச்சான் வரவில்லை. மாமா ஒவ்வொரு முகாம் வாசலிலும் போய் நின்று வாதாடினார். இனி வந்தால் உன்னையும் உள்ளே போடுவோம் என்று சொன்ன பிறகுதான் சொந்தக்காரர் அவரைப் பிடித்து விமானம் ஏற்றினார்கள். மாமி வர மறுத்துவிட்டார். மகன் திரும்பி வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பது மாமியின் நியாயம்.

இங்கே மாமாவுக்குப் பாரிசுக்கு வெளியே லா கூர்னெவில் ஒரு சாமான் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. தங்கியதும் அங்கேதான், சனி ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். பெட்டிகள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மாமாவுக்கு நாக்கு வறண்டுபோயிருக்க வேண்டும். அதனால்தான், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்த இரண்டு அமெரிக்கப் பெடியன்கள் ஒரு சனிக்கிழமை எங்கள் கதவைத் தட்டியபோது, அம்மா சாத்தப் போன கதவை மாமா எட்டிப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். ஊரை விட்டு வந்து இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்த் தங்கள் சமயத்தைச் சொல்வது அவர்களின் கடமையாம். அவர்களுடைய பட்டம் எல்டர், அதாவது மூப்பர். மீசை முளைக்காத மூப்பர் என்று மாமா அடுக்களைக்கு வந்து சொல்லிச் சிரித்தார். பாரிசுக்கு வந்த பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அம்மாவும் பார்த்திருப்பார். அடுத்த சனிக்கிழமையும் அவர்கள் வந்தபோது அம்மா கதவைச் சாத்தவில்லை.

சிக்கல் தேத்தண்ணியில் தொடங்கியது. வீட்டுக்கு வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவது எங்கள் வழக்கத்தில் கிடையாது. அவர்களோ தேநீரும் கோப்பியும் குடிக்கக் கூடாதவர்கள். முதல் நாள் நான் தட்டில் மூன்று கோப்பை கொண்டுபோனேன். மாமாவின் கோப்பை வெறுமையாகவும் மற்ற இரண்டும் நிறைந்தபடியும் திரும்பி வந்தன. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மாமா காரணத்தை விளக்கிச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டார், ஆனால் வழக்கத்தை மாற்றவில்லை.

"குடிக்கிறதும் குடிக்காததும் அவையின்ர பாடு. குடுக்கிறது எங்கட பாடு" என்றார்.

ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று கோப்பை போகும், இரண்டு திரும்பி வரும். அந்த இரண்டையும் சீலைக்குப் பின்னால் நின்று நானே குடித்து முடிப்பேன். மோர்மன் சமயத்தால் எனக்குக் கிடைத்த லாபம் அது. வாதம் இங்கிலீசில் நடந்ததால் எனக்கு ஒன்றும் விளங்காது. மாமா கையை வீசிப் பேசுவார். பெடியன்கள் சிரித்த முகத்தோடு தலையாட்டுவார்கள். அவர்கள் போன பிறகு மாமா அடுக்களைக்கு வந்து, இன்றைக்கு என்ன கேட்டு எப்படி மடக்கினேன் என்று அம்மாவிடம் தமிழில் சொல்வார். அம்மா வெங்காயம் வெட்டியபடி கேட்பார். சில மாதத்துக்கு ஒரு முறை பெடியன்களை மாற்றி அனுப்புவார்கள். முகம் மாறும், சட்டை மாறாது. எல்லாரையும் மாமா வென்றார்.

ஒரு சனிக்கிழமை வந்தவர்கள் ஒரு படத்தை மேசையில் வைத்தார்கள். தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடுப்போடு கைகோத்து நிற்கும் படம். ஒரு பெடியன் ஏதோ மெதுவாகச் சொன்னான். மாமா கையை வீசவில்லை. அவனிடம் ஏதோ கேட்டார். அவன் பதில் சொன்னான். மாமா அதையே திரும்பக் கேட்டார். அன்று அவர் வெற்றிச் செய்தியோடு அடுக்களைக்கு வரவில்லை. தட்டை எடுக்கப் போனபோது மூன்று கோப்பையும் ஆடை படிந்து நிறைந்திருந்தன. எனக்கு மூன்று கோப்பைத் தேத்தண்ணி கிடைத்த மகிழ்ச்சியில் வேறொன்றும் யோசிக்கவில்லை.

சில வாரங்களில் மாமா தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார். வாதமெல்லாம் வென்றவர் மாமா, மதம் மாறியவரும் மாமா. லா ஷப்பலில் இது எல்லாரும் சொல்லிச் சிரிக்கும் பெரிய பகிடியாகிவிட்டது. அம்மாவிடம் அவரே வந்து சொன்னார். அம்மா "அப்ப தேத்தண்ணியையும் விட்டிட்டியளோ?" என்று மட்டும் கேட்டார். மாமா ஓம் என்றார். ஆனாலும் அன்றைக்கும் அவருக்கு முன்னால் ஒரு கோப்பை வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர் வந்த ஒவ்வொரு நாளும் வைக்கப்பட்டது, வைத்தபடியே திரும்பியது.

மாமா பழைய தொழிலை விடவில்லை, கட்சியைத்தான் மாற்றினார். ஊரில் சைவத்துக்காக எழுதிய கை இப்போது மோர்மன் சபைக்காக எழுதியது. சைவர், கத்தோலிக்கர், ஒன்றும் நம்பாதவர் எல்லாருடைய கேள்விக்கும் தனித்தனியே மறுப்பு. அமெரிக்காவிலிருந்து தடித்த புத்தகங்கள் வரவழைத்துப் படித்தார். கிடங்கு வேலை முடிந்து வந்து அழகான கையெழுத்தில் எழுதி, படியெடுத்து, தெருவிலுள்ள தமிழ்க் கடைகளில் வைத்துவிட்டு வருவார். கடைக்காரர்கள் அதில் பச்சை மிளகாய் சுற்றிக் கொடுத்தார்கள். அப்படிச் சில பக்கங்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தன. அம்மா மிளகாயை எடுத்துக்கொண்டு தாளை நீவி மடித்து அலுமாரியில் வைப்பார். படித்தாரா என்று தெரியாது.

கீழ்க் கடைக்காரர் மாமாவைச் சீண்டாமல் விடமாட்டார்.

"என்ன அண்ணை, தேத்தண்ணி குடிச்சால் உங்கட கடவுள் கோவிப்பாரோ?"

"வெள்ளிக்கிழமை நீ மச்சம் மாமிசம் தின்னுறனியோ?" என்பார் மாமா.

"இல்லை."

"தின்னால் பிள்ளையார் வந்து அடிப்பாரோ? இல்லையே. நீயா விடுறாய். உனக்கு ஒரு நாள் விரதம், எனக்கு ஏழு நாளும் விரதம். உன்னைவிடக் கூட விரதம் பிடிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறதோ?"

கடையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். கடைக்காரர் தராசுப் பக்கம் திரும்பிவிடுவார். நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பதில் இல்லாத கேள்வி உலகத்தில் இல்லை என்று எனக்கு அப்போது நம்பிக்கை இருந்தது.

நான் சொல்லவந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா காலையில் சபைக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா மேசையில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் தேத்தண்ணி போடும் வேலை என்னிடம் வந்திருந்ததால் நான் அடுக்களையில் நின்றேன்.

"தங்கச்சி, வாற மாதம் நான் சுவிசுக்குப் போறன்" என்றார் மாமா.

"அங்கை ஆரிட்டை?"

"எங்கட ஆக்களின்ர பெரிய கோயில் ஒண்டு அங்கை இருக்கு. என்ர பெடிக்கு ஒரு காரியம் செய்யோணும்."

கத்திச் சத்தம் நின்றது. மாமா விளக்கினார். அவர்களுடைய சபையில், இறந்துபோனவருக்காக உயிரோடு இருக்கும் ஒருவர் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் பெறலாம். பிறகு அந்தக் குடும்பத்தைச் சாவும் பிரிக்காது. தாய், தகப்பன், பிள்ளை எல்லாரும் என்றைக்கும் ஒன்றாக இருப்பார்கள். அந்தப் படத்தைக் காட்டிய நாளில் பெடியன் சொன்னது இதைத்தான் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

"அவன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டுச் சோதனைக்குப் போற பிள்ளை" என்றார் அம்மா. "அவனைக் கேக்காமல் வேதக்காரன் ஆக்கப் போறியளோ?"

"ஆக்கேல்லை. நாங்கள் கதவைத் திறந்துவிடுறம். வாறதும் வராததும் அவன்ர விருப்பம். குடுக்கிறது எங்கட பாடு எண்டு நீதானே சொல்லுவாய்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஆடி அமாவாசைக்குக் கீரிமலையிலை போய் முழுகிறமே, அது ஆருக்கு? எங்களுக்கோ? செத்த தகப்பனுக்கு. அவருக்காக நாங்கள் முழுகிறம். அதைச் சரியெண்டால் இதை எப்பிடிப் பிழையெண்டு சொல்லுவாய்?"

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று மாமா முடித்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. நான் கோப்பையில் சீனி போட்டுக் கலக்கினேன். அம்மா லீக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, சாதாரணமாகப் பேசும் குரலில் கேட்டார்.

"அங்கை என்ன விபரம் கேப்பினம்?"

"பெயர். பிறந்த திகதி."

"பிறகு?"

மாமா கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "செத்த திகதி" என்றார்.

"எந்தத் திகதியைச் சொல்லப் போறியள், அண்ணை?"

நான் சீலையை விலக்கிப் பார்த்தேன். மாமா வாய் திறந்தார். பேசத் தொடங்கும்போது வழக்கமாக வலது கையைத் தூக்குவார். கை பாதியில் நின்றது.

"திதி தெரியாமல்தான் நான் இஞ்சை ஒண்டும் செய்யாமல் இருக்கிறன்" என்றார் அம்மா. "ஐயரும் திதி கேக்கிறார், உங்கட ஆக்களும் திகதி கேக்கினம். ஆமி பிடிச்ச நாளைச் சொல்லுவியளோ? அண்டைக்கு அவன் உயிரோடதான் ஆமி ட்ரக்கிலை ஏறினவன், கண்டவை இருக்கினம். போன கிழமை ஊரிலை இருந்து வந்த பிள்ளை சொல்லுது, அண்ணி இப்பவும் அந்தச் சைக்கிளுக்குக் காத்தடிச்சு வைக்கிறாவாம். அவவுக்கு நீங்கள் என்ன எண்டு எழுதப் போறியள்?"

சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே மாமா உட்கார்ந்திருந்தார். கீழ்த் தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். அவர் பதில் தேடுகிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். எத்தனை புத்தகம் படித்தவர், எங்காவது ஒரு பக்கத்தில் இருக்கும்தானே. தேத்தண்ணி ஆறிவிடும் என்ற கவலையில் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, வழக்கப்படி திரும்பி வர வேண்டிய மூன்றாவது கோப்பை.

மாமா அந்தக் கோப்பையை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடிக்கத் தொடங்கினார். நடுவில் வைக்காமல் அடி வரைக்கும் குடித்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சீனி காணுமோ அண்ணை?"

போதும் என்று மாமா தலையை ஆட்டினார்.

அவர் சுவிசுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு சபைக்குப் போனார், கடைகளில் புதிய மறுப்பு ஒன்றை வைத்தார், எங்கள் வீட்டில் அவருடைய கோப்பை மறுபடியும் நிறைந்தபடி திரும்பத் தொடங்கியது. சாகும் வரை மோர்மனாகவே இருந்தார். அவர் எழுதியதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தக் கேள்வியையும் அவர் பதில் சொல்லாமல் விட்டதில்லை. இறந்தவர்களுக்கான ஞானஸ்நானத்தைப் பற்றி மட்டும் எங்கும் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே பெருமை. அப்பா வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய்ச் செய்தியைச் சொன்னேன். "அப்பா, இண்டைக்கு அம்மா மாமாவை வெண்டிட்டா. மாமா தேத்தண்ணி குடிச்சிட்டார்." அப்பா சிரித்துக்கொண்டே அம்மாவைத் தேடினார். அம்மா தொட்டிக்கு முன்னால், தண்ணீரைத் திறந்துவிட்டபடி, மாமா குடித்த கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது கழுவி எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. வென்றவர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னால் கேட்கும் என்று நினைத்து, அதையே மறுபடியும் சொன்னேன்.