விழுந்த பிறகு எழுப்புகிறவள்

என் தங்கை புவனேஸ்வரியைப் பற்றிக் கேட்டால், செம்பட்டிக்காரர் மகள், தாவரவியல் படித்தவள், ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதில் அவளும் இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திண்டுக்கல் நாகல் நகரில் மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டும் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. புவனா கல்லூரி முடித்த வருடத்திலிருந்து ஞாயிறு மத்தியானங்களில் அங்கே நான்கு பேர் கூடி ஓர் ஆட்டம் ஆடினார்கள். அதில் பலகையும் கிடையாது, சீட்டும் கிடையாது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சௌகத் அலி கதை சொல்வார். இடிந்த கோட்டை, அதற்குள் பூதங்கள், இப்படி. மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் இருக்கும் ஆட்கள். என்ன செய்யப்போகிறேன் என்று அவரவர் சொல்லவேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். புவனாவோடு படித்த ஜெஸ்ஸி வாள் பிடிக்கும் வீராங்கனை. கூரியர் கொண்டுபோகும் ஆண்டனிராஜ் திருடன். புவனா ட்ரூயிட். காட்டோடு ஒட்டி வாழ்கிற மந்திரக்காரி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கொடியை வளரவைப்பாள், நினைத்த மிருகமாக மாறுவாள், விழுந்தவரை எழுப்புவாள். அந்த மந்திரக்காரிக்குச் சிறுமலையாள் என்று பெயர் வைத்திருந்தாள்.

டீ கொண்டுபோகிற சாக்கில் நின்று நின்று எனக்கும் ஆட்டம் பிடிபட்டுவிட்டது. என் தங்கையைப் போல ஆடுகிறவர் அந்த மேசையில் இல்லை. இதை அண்ணன் என்பதால் சொல்லவில்லை. சௌகத் அலியே சொல்லியிருக்கிறார். மந்திரக்காரி என்றால் கரடியாக மாறிக் கடித்துக் குதறுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அணிலாக மாறி, கோட்டைச் சுவரில் ஏறி, உள்ளே எத்தனை பேர், எந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று பார்த்துவிட்டு வந்தாள். கதைக்குள் ஒவ்வொரு காலையிலும் அன்றைக்கு வேண்டிய மந்திரங்களைத் தேர்ந்துகொள்ளவேண்டும். மற்றவர்கள் தேர்வதற்கு முன் இவள் கேள்வி கேட்பாள். தரை மண்ணா பாறையா, மேலே கூரையா வானமா, பக்கத்தில் தண்ணீர் உண்டா. பெரிய மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைக்க முடியும். அடிபட்டால் அது அறுந்துபோகும். ஆகையால் எதிரிகளின் காலில் கொடியைச் சுற்றிவிட்டு, உடனே கீரிப்பிள்ளையாகி ஒரு பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். மிருகமாக இருந்தாலும் பிடித்த கொடி விடாது. புதிதாக மந்திரம் சொல்லத்தான் முடியாது.

வைத்தியத்தில் அவள் இன்னும் கறார். கீறலுக்கெல்லாம் மருந்து போடமாட்டாள். ஒருமுறை ஜெஸ்ஸிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்கு ரத்தம் ஊத்துது, நீ பொந்துக்குள்ள இருந்து வேடிக்கை பாக்குற."

"நிக்கிறியில்ல? நின்னு அடி. விழு, எழுப்புறேன்."

நிற்கிறவருக்கு மருந்து போட்டால் அடுத்த அடியில் அது வீணாகப் போகும். விழுந்தவரை எழுப்பினால் ஓர் ஆள் கூடுதலாகக் கிடைக்கும். இதுதான் அவள் கணக்கு. அவள் இருந்தவரை ஒருவரும் சாகவில்லை.

அந்த மேசைக்கென்று இரண்டு வழக்கங்கள் இருந்தன. மிருகமாக இருக்கும்போது ஆடுகிறவர் பேசக்கூடாது. கேட்ட கேள்விக்கு மேசையில் தட்டவேண்டும். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. விழுந்தவரை எழுப்பும் மந்திரத்தையோ சொந்தக் குரலில், வாய்விட்டுச் சொல்லவேண்டும். புத்தகத்தில் நீளமாக ஏதோ இருந்ததாம். புவனா அதை விட்டுவிட்டு "எந்திரிடி ஜெஸ்ஸி" என்று கத்துவாள். கீழே கடைவரை கேட்கும்.

கல்யாணம் பேசும்போது நகை, சீர் எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃபோனில் ஆட்டத்தில் சேர்ந்துகொள்வேன் என்று ஒன்றைத்தான் கேட்டாள். மாப்பிள்ளை பழனிக்குமார் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர், தன்மையானவர். "அதுக்கென்னங்க, பேசிக்கட்டும்" என்று சிரித்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் தலையாட்டினாள். ஆட்டத்தில் அவள் இடம் போய்விடக்கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதல் மாதம் மாமியார் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயும் இடத்திலிருந்து பேசினாள். என் ஃபோனை அவள் நாற்காலிக்கு நேராக ஒரு டம்ளரில் சாய்த்து வைப்போம். நன்றாகத்தான் போனது. பிறகு, மருமகள் மாடியில் நின்று ஃபோனில் சிரிப்பதைப் பக்கத்து வீட்டார் கேட்டார்கள் என்று பேச்சு வந்ததாம். அடுப்படிக்கு வந்தாள். குரல் தாழ்ந்தது. பூதம், வாள் என்று பேசுகிறாளே, ஏதாவது பிடித்திருக்கிறதா என்று மாமியார் தனியாக மகனிடம் கேட்டிருக்கிறார். அந்த வாரம் ஆட்டம் தொடங்கும் முன்பே மெதுவாகச் சொன்னாள்:

"இன்னைக்கு மொதல்ல இருந்தே நான் கீரிப்பிள்ளை."

அதற்குப் பிறகு எங்களுக்கு வந்ததெல்லாம் தட்டுகள்தான். சௌகத் கேட்பார், ஃபோனின் முதுகில் நகம் தட்டும். கிழக்கு வாசலா? இரண்டு. கிணற்றுப் பக்கமா? ஒன்று. கேள்வியை வளைத்து வளைத்துக் கேட்டு அவள் மனதில் இருப்பதைக் கண்டுபிடிப்போம். முதலில் வேடிக்கையாக இருந்தது. வாய் பேசாமல் ஆடுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று ஆண்டனிராஜ் மெச்சினான். அப்போதும் அவளைவிட யாரும் நன்றாக ஆடவில்லை. வாரங்கள் போகப் போக, தங்கை குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அம்மா என்னிடம் கேட்டாள். மற்ற நாட்களில் நாங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் மாமியார்தான் எடுப்பார். அவள் குளிக்கிறாள், தூங்குகிறாள் என்பார். எனக்கும் அந்தத் தட்டுகள்தான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு அடையாளம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. கதையில் அணைக்கட்டுக்கு அடியில் சண்டை. புவனா கொடியைப் பிடித்துக்கொண்டு கீரிப்பிள்ளையாக மதகுக்குள் இருந்தாள். ஜெஸ்ஸியின் வீராங்கனை அடிபட்டு விழுந்தாள். பகடை சரியாக விழவில்லை. இன்னொரு சுற்றில் எழுப்பாவிட்டால் செத்தாள். அந்த மேசையில் செத்தவர் செத்தவர்தான், திரும்ப வரமுடியாது.

எழுப்பப்போகிறாயா என்று சௌகத் கேட்டார். ஒரு தட்டு. அப்படியானால் மனுஷியாக மாறி வாய்விட்டுச் சொல்லவேண்டுமே என்றார். ஃபோனில் குக்கர் விசில் கேட்டது, டிவியில் யாரோ அழுவது கேட்டது. நகம் தட்டவில்லை. தட்டியே எழுப்பட்டும், விட்டுவிடுங்கள் என்று நான் சௌகத்திடம் கெஞ்சினேன். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். ஜெஸ்ஸி ஃபோனை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

"புவனா, நான் செத்தா செத்துட்டுப் போறேன்டி. நீ பேசாத. என்ன?"

இரண்டு தட்டு. அதன்பின் அவள் குரல்.

"எந்திரிடி ஜெஸ்ஸி."

முனகலாக இல்லை. மாடி அறையில் கத்துவாளே, அதே கத்தல். அங்கே டிவி நின்றது. "ஆருகிட்டடி பேசற?" என்று ஒரு குரல் நெருங்கி வந்தது. ஃபோன் கட்டானது.

ஆட்டத்து விதிப்படி வீராங்கனை எழுந்து நின்றாள். பகடையை யாரும் எடுக்கவில்லை. டீ ஆறிப்போனது.

மறுநாள் மாப்பிள்ளை கூப்பிட்டார். புவனா ஃபோன் கீழே விழுந்து ரிப்பேராகிவிட்டது, ஏதாவது என்றால் தன் நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்றார். கொடுங்கள், நான் சரிசெய்து தாரேன் என்றேன். நான் ரிப்பேர்க்காரன் என்பது அவருக்குத் தெரியும். கொஞ்சம் சிரித்தார். "எதுக்குங்க மச்சான் உங்களுக்குச் சிரமம்" என்றார்.

கார்த்திகையில் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போனேன். மாமியார் வாசலுக்கே வந்து அழைத்தார். முகம் கோணாமல் உட்காரவைத்து, காப்பி கொண்டுவரச் சொல்லி, பக்கத்திலேயே அமர்ந்துகொண்டார். புவனா தட்டில் டம்ளரோடு வந்தாள். இளைத்திருந்தாள். தட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

"நல்லாயிருக்கியாம்மா?"

"நல்லாயிருக்கேண்ணே."

தட்டின் அடியில் நகம் இரண்டு முறை தட்டியது.

கை நடுக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். சாப்பாடெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். சாப்பிடுகிறேன் என்றாள். ஒரு தட்டு. ராத்திரி தூங்குகிறாயா என்றேன். தூங்குகிறேன் என்றாள். இரண்டு. மருமகளுக்கு இங்கே ஒரு குறையும் கிடையாதுங்க தம்பி என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தேன். எவ்வளவு யோசித்தும் கடைசியில் நேராகத்தான் கேட்க வந்தது.

"பத்து நாள் வீட்டுல வந்து இருந்துட்டுப் போறியா? இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

மாமியார் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள்.

"வேலை கெடக்குண்ணே. பெறகு வாரேன்."

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் தட்டும் என்று காத்திருந்தேன். தட்டியது. இரண்டு.

சாப்பாட்டை விட்டால், வாய் சொன்னதும் நகம் சொன்னதும் அந்த ஒரு கேள்விக்குத்தான் ஒன்றாக இருந்தன. நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ் ரெட்டியார்சத்திரம் தாண்டும்வரை எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் மேசையில் போட்ட கணக்கு ஞாபகம் வந்தது. நிற்கிறவருக்கு மருந்து வீண். தான் இன்னும் விழவில்லை என்று அவள் கணக்கு வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இப்போதும் நடக்கிறது. என் ஃபோனை டம்ளரில் சாய்த்து அவள் நாற்காலிக்கு நேராக வைக்கிறேன். அவள் முறை வரும்போது சௌகத் அலி "சிறுமலையாள்" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பிறகு அடுத்த ஆளிடம் போகிறார். ஜெஸ்ஸி முன்போல வாளை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் பாய்வதில்லை. போன வாரம் ஏன் என்று ஆண்டனிராஜ் கிண்டலாகக் கேட்டான். விழுந்தால் எழுப்ப நம்மிடம் வேறு ஆள் இல்லையே என்றாள்.