அக்கா போட்ட பூட்டு

என் அக்கா வீட்டை விட்டு நகராமலே ஊர்க் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவள். மெஷின் முழுசாகக் கண் விழிக்கும் முன்பே அதன் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸுக்குள் தூரத்திலிருந்தே புகுந்துவிடுவாள். யார் பேச்சையும் கேட்கமாட்டாள், பிடிவாதக்காரி.

நான் காவல் பார்த்த கிடங்கின் கேமரா மெஷினும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. ஒரு நாள் காலை மேனேஜரின் ஆட்கள், எதிர்த்துப் பேசிய ஒரு லோடுமேனை முற்றத்தில் விரட்டி விரட்டி இரும்புக் கம்பியால் அடித்தார்கள். கேட்டைப் பூட்டச் சொன்னார்கள், பூட்டினேன். அவன் கேட்டைப் பிடித்து உலுக்கியபடியே செத்துப்போனான். எல்லாம் கேமராவில் பதிந்திருந்தது. அக்காவுக்குப் போன் போட்டு, "அந்தப் பதிவை எப்படியாவது காப்பாத்துக்கா" என்றேன்.

பேசி முடிக்கும் முன்பே அந்த ஆட்களில் மூன்று பேர் கேமரா அறைக் கதவை உதைத்துத் திறந்தார்கள். போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டேன். ஒருவன் பதிவை அழிக்கும் பென்டிரைவைச் செருகி மெஷினை அணைத்து மறுபடி போட்டான். "உடைச்சா நாமதான்னு தெரிஞ்சிடும்டா. சுத்தமா அழிக்கணும்."

மெஷின் கண் விழிக்கும் அந்தச் சில நொடிகள் அக்காவுக்குப் போதும், பூட்டிவிட்டாள். திரை பாஸ்வேர்ட் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அரை நிமிடம்.

"சொல்லுடா!"

"சத்தியமா தெரியாதுண்ணே."

முதல் குத்திலேயே பல் தெறித்தது. பிறகு என் விரல்களை மேசை டிராயருக்குள் வைத்து டிராயரை எட்டி உதைத்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது, சட்டைப்பையில் இருந்தவளுக்குக் கேட்காதா? மூன்றாவது உதையில் "அக்கா!" என்று அலறினேன்.

கீபோர்டை யாரும் தொடவில்லை. பாஸ்வேர்ட் கட்டத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. "பேயாடா?" என்று ஒருவன் பின்வாங்கினான். பேயில்லை, கூடப் பிறந்தவள். ஐந்தே நிமிடத்தில் பதிவைத் துடைத்துவிட்டு, போகிற போக்கில் என் விலாவிலும் மிதித்துவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததும் கொதித்தேன். "எதுக்குக்கா திறந்த? நீ சொல்லி அத்தான் போலீஸோட வந்துட்டுதான் இருந்தாராமே?"

"வந்து உன் பொணத்தத் தூக்கவா?"

ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. கட்டுப் பிரித்ததும் செத்தவனின் மனைவியைப் பார்க்கப் போனேன். பதிவு போன கதையைச் சொல்லி, "எல்லாம் எங்கக்கா திறந்துவிட்டதால வந்த வினை" என்று திட்டித் தீர்த்தேன். அவள் என் கோணல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட் சாவி அன்னைக்கு உன்கிட்டதானே தம்பி இருந்துச்சு?" என்றாள்.

வாசலுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் எடுத்ததும் அழுகைதான் வந்தது.