மீன்பாடி வண்டியில் ஒரு நாற்காலி

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன், எழுத வந்ததற்குப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். எதிர் வீட்டு அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எய்திக்கோ. கெய்வின்னு மட்டும் போட்டுடாத" என்றார்.

திருவொற்றியூரில் ஒரு சந்தில் இருக்கிறோம். காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டியில், அதாவது மோட்டார் வைத்த மூன்று சக்கர வண்டியில், மீன் ஏற்றி வருவது என் பிழைப்பு. அக்காவுக்குச் சர்க்கரை, காலில் புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். தவறினால் விரலை எடுக்க நேரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாநகராட்சி ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் அவரால் நடக்க முடியாது. அவ்வளவு கிட்டத்துக்கு ஆட்டோ வராது. அதனால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, "தல சுத்துது" என்பார். வந்துவிடும்.

அன்று அவரைக் கைத்தாங்கலாக ஏற்றும்போது, ஆம்புலன்ஸில் வந்த உதவியாளர் பெண்ணுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு அவர் சொன்னார்: "எண்ணூர் ரோட்டுல லாரி ஒருத்தர அடிச்சிடுச்சாம்மா. நாங்க இங்க இருக்கோம்னு அவ்ளோ தூரம் மணலியிலேர்ந்து வேற வண்டி அனுப்பறாங்க."

அக்கா ஏறத் தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தல சுத்தலம்மா. கட்டு மாத்தத்தான். நீ அங்க போ."

ஆம்புலன்ஸ் போய்விட்டது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வர நேரமானது.

"அக்கா, நம்ம வண்டி கீது."

"இன்னாது? என்னை வவ்வா மீனுன்னு நென்ச்சியா, சங்கரான்னு நென்ச்சியா?"

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "பாத்துக்கா, எவனாவது ஏலத்துல எட்த்துடப் போறான்!"

"எடுக்க உங்கிட்ட இன்னாடா கீது?" என்றார் அக்கா. ஆனால் எழுந்துவிட்டார்.

வண்டியை இன்னொரு தரம் கழுவினேன். வாடை போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அவர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸில் ஏறும்போது சந்தே ஒதுங்கி நிற்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள். அவருக்கு அதுவும் வேண்டியிருந்திருக்கிறது என்று வண்டி ஓட்டும்போதுதான் எனக்குத் தோன்றியது. சந்து முனையில் முந்தானையை இறக்கினார்.

"ஹாரன் அடி தம்பி. வய்ய வுடட்டும்."

அடித்தேன். வழி விட்டார்கள்.

நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்து, விரல் தப்பித்துவிடும் என்றார். லாரியில் அடிபட்டவர் என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் நாற்காலியை அவிழ்க்க மறந்து காசிமேட்டுக்குப் போய்விட்டேன். அங்கேயும் அவிழ்க்காமல், ஒரு கூடை குறைவாக ஏற்றி வந்தேன்.